வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த நாடகம்

எங்கள் வீட்டு மடிக்கணினிக்குள் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸ், மற்றது லினக்ஸ். ஆளியை அமத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து, எந்த வீட்டுக்குப் போகப் போகிறாய் என்று கேட்கும். சும்மா இருந்தால் தானாகவே லினக்ஸுக்குள் போய்விடும். நான் சும்மா இருப்பதில்லை. கீழ் அம்புக்குறியை அமத்தி விண்டோஸுக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த வீடு அதுதான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் மனைவியின் தம்பி. சண்டிலிப்பாயில் இருக்கிறார். தொலைபேசி வேலையில் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் பக்கம் போவார்கள், சிலர் தோட்டத்தில் இறங்குவார்கள். இவர் லினக்ஸில் இறங்கினார். சொந்தக்காரர் வீடுகளில் எத்தனை கணினி உண்டோ அத்தனையிலும் அதை ஏற்றிவிடுவது என்று ஒரு வைராக்கியம். புத்தூரில் இருக்கும் எங்கள் வீடு அவருடைய கணக்கில் ஒன்பதாவது.

அனுமதி கேட்டுத்தான் செய்தார். "அத்தான், உங்கடை விண்டோஸிலை நான் கை வைக்க மாட்டன். அது அப்பிடியே இருக்கும். பக்கத்திலை ஒரு துண்டு நிலம் தாங்கோ, காணும்."

நிலம் என்று அவர் சொன்னது எனக்கு விளங்கட்டும் என்பதற்காக. கணினிக்குள் இருக்கும் வன்தட்டு ஒரு காணி மாதிரி. அதைத் துண்டுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லை உண்டு, வேலி உண்டு. லினக்ஸ் வீட்டில் இருந்துகொண்டு விண்டோஸ் காணிக்குள் போய்வர, வேலிக் கதவாக ஒரு படலை உண்டு. ஆனால் விண்டோஸ் வீட்டில் இருப்பவருக்கு லினக்ஸ் காணி கண்ணிலேயே தெரியாது.

"இதென்ன நியாயம்?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பக்கத்து வீட்டிலை ஆள் இருக்கிறதே தெரியாது அத்தான். தெரிஞ்சாலும் கதைக்க மாட்டான்."

எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையிலும் அப்படி இரண்டு வீடுகள் உண்டு. ஆகவே விளங்கியது.

நான் அரச அலுவலகம் ஒன்றில் புள்ளிவிபரப் பகுதியில் வேலை செய்தவன். எண்ணுவது முதலில் தொழிலாக இருந்தது, பிறகு பழக்கமானது, இப்போது நோயாகிவிட்டது என்று மனைவி சொல்வாள். வன்தட்டைப் பிரித்த அன்றே இரண்டு துண்டுகளையும் கூட்டிப் பார்த்தேன். பெட்டியில் எழுதியிருந்த அளவைவிடக் குறைவாக வந்தது. மிச்சம் எங்கே போனது என்று மைத்துனரைக் காணும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் அலுத்துப்போய், "அது ஒழுங்கை விட்ட கணக்கிலை போட்டுது அத்தான், விடுங்கோ" என்றார். நான் விட்டேன் என்று சொல்ல முடியாது. கேட்பதை மட்டும் விட்டேன்.

இனி நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் ஒவ்வொரு வருடமும் ஆண்டு விழா வைக்கும். பத்திரிகை படிக்கும் ஒரு மண்டபம், இருபத்தாறு கதிரைகள், ஒரு மேடை. விழாவில் பெண்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். வழக்கமாகக் கோலாட்டம் நடக்கும். இந்த முறை கூட்டத்தில் என் மனைவி எழுந்து, நாடகம் போடலாம் என்றாள். செயலாளர் நாற்பது வயதுப் பொடியன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நாடகமோ அன்ரி? ஆர் எழுதினது?"

"நான்தான்."

"எழுதி முடிஞ்சுதோ?"

"முடிஞ்ச மாதிரித்தான்."

அப்போது அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இதைச் சொல்லி நான் பதறினேன். அவள் பதறவில்லை. கூட்டுறவுச் சங்கக் கிளையில் முகாமையாளராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் அவள். மா, சீனி, மண்ணெண்ணெய் என்று வரிசையில் நின்ற பெண்கள் கதைத்ததை எல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவள். அந்தக் கதைகளைத் தன்னிடமே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

நாடகம் இதுதான். மழை இருட்டிக்கொண்டு வரும் ஒரு பின்னேரம். பஸ் தரிப்பிடத்தில் ஏழு பெண்கள் கடைசி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் பெரிய பழக்கம் இல்லை. பஸ் வரவில்லை. அவ்வளவுதான் கதை. மிச்சம் எல்லாம் பேச்சு.

அவள் குசினியில் இருந்து சொல்ல, நான் சாப்பாட்டு மேசையில் இருந்து கணினியில் அடித்தேன். தேங்காய் திருவிக்கொண்டு ஒரு கிழவியாகக் கதைப்பாள். அடுப்பை ஊதிக்கொண்டு பல்கலைக்கழகத்துப் பெட்டையாகக் கதைப்பாள். ஆள் மாறும்போது குரலும் மாறும். ஒரு நாள் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டி, "உங்கை ஆர் ஆக்கள் வந்திருக்கினம்?" என்று கேட்டார்கள். கையால் எழுதிய பிரதி என்று ஒன்றும் கிடையாது. அவள் வாயில் இருந்து நேரே என் விரலுக்கு, விரலில் இருந்து கணினிக்கு.

நான் தட்டெழுத்துப் பொறியில் பழகியவன். அந்த எழுத்து வரிசையில்தான் என் விரல்கள் ஓடும். அதற்குத் தோதானது பாமினி என்ற எழுத்துரு. யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள், அலுவலகங்கள், கல்யாண அட்டை அடிப்பவர்கள் எல்லாரும் எத்தனையோ காலம் அதில்தான் அடித்தார்கள். நான் இன்னும் மாறவில்லை.

ஒவ்வொரு இரவும் அன்றைக்கு எழுதியதைப் புதுப் பெயரில் சேமிப்பேன். நாடகம் ஒன்று, நாடகம் இரண்டு என்று பதினொன்று வரை வந்துவிட்டது. பழையதை அழிப்பதில்லை. ஒன்று பழுதானால் மற்றது இருக்குமே என்ற யோசனை. மனைவிக்கு இன்னொரு கணக்கும் சொன்னேன். யாருக்கு எத்தனை வசனம் என்று எண்ணி, பால் சேர்க்கும் பெண்ணுக்கு நான்கு வசனம்தான் இருக்கிறது, மனம் நோகும் என்றேன். "வசனத்தை நிறுத்து விக்கிறதே? எழுதுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை முதல் ஒத்திகை. நிலையத்தின் செயற்குழுவில் மூவர் வந்து வாசிப்பைக் கேட்பார்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். பிரதி கையில் இல்லாவிட்டால் அந்த நேரத்தைப் பின் ஒழுங்கைப் பொடியளின் கரோக்கே குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஏற்கனவே கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

வியாழன் பின்னேரம் கடைசிக் காட்சியைச் சொல்லி முடித்தாள். நான் அடித்து முடிக்கவும் வானம் உறுமவும் சரியாக இருந்தது.

மாரியில் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் இடிச் சத்தத்தோடு வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் சுவரில் இருந்து கழற்றிவிடுவோம். ரீவி, குளிர்சாதனப் பெட்டி, போன் சார்ஜர், தண்ணீர் மோட்டர் எல்லாம். எங்கேயோ யாருடையதோ எரிந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஒன்பது பிளக்குகள். நான் வரிசையாகப் போவேன். கணினியின் பற்றரி செத்து நெடுநாள். வயரைக் கழற்றினால் அந்த இடத்திலேயே போய்விடும். ஆகவே அதை முறையாக மூட வேண்டும் என்று முதலில் அதற்கு முன்னால் குனிந்தேன். அவசரத்தில் அது கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் ஏதோ அமத்தினேன். பிறகு ஒரு நீலத் திரை வந்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்த வேண்டாம், முப்பது வீதம் என்றது.

மின்னல் யன்னலை வெள்ளையாக்கியது.

"என்னப்பா செய்யிறியள்? இன்னும் கழட்டேல்லையே?" என்று மனைவி குசினியில் இருந்து கத்தினாள்.

"நிப்பாட்ட வேண்டாமாம்!"

"ஆர் சொன்னது?"

"கொம்பியூட்டர்!"

"இடிக்கு அது தெரியுமோ? கழட்டுங்கோ!"

கழற்றினேன்.

வெள்ளி விடியப் போட்டுப் பார்த்தால் விண்டோஸ் வரவில்லை. சிறு புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. தன்னைத் திருத்திக்கொள்வதாக ஒரு வாசகம் வந்தது. திருத்த முடியவில்லை என்று இன்னொரு வாசகம் வந்தது. பிறகு தானே அணைந்து, தானே எழும்பி, மறுபடியும் புள்ளிகள்.

மனைவி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றாள்.

"நாடகம் எங்கை?"

"உள்ளுக்குத்தான் இருக்கு."

"உள்ளுக்கெண்டா?"

"உள்ளுக்குத்தான்."

நகரத்தில் கணினி திருத்தும் கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். "கொண்டு வாங்கோ ஐயா, போர்மட் பண்ணிப் புதுசா ஏத்தித் தாறம். உள்ளுக்கு இருக்கிறது போகும், பரவாயில்லைத்தானே?" என்று ஒருவர் சொன்னார். நான் அதை அப்படியே மனைவிக்குச் சொன்னேன்.

"திறப்புத் துலைஞ்சிட்டுது எண்டு போனா, வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டித் தாறம் எண்டுறானோ?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கட்டில் விளிம்பில் இருந்தாள். திரும்பச் சொல்லு, நான் இரவிரவாக அடிக்கிறேன் என்றேன்.

"இன்னொருக்கா எனக்கு உது வராதப்பா," என்றாள். "யோசிச்சுச் சொன்னதெண்டால் திரும்ப யோசிக்கலாம். அது தானா வந்தது. கோலாட்டத்துக்கோ கரோக்கேக்கோ விடச் சொல்லிச் செயலாளருக்குச் சொல்லிவிடுவம்."

யுத்த காலத்தில் ஒரு சாக்கு மாவை நூற்றைம்பது குடும்பத்துக்கு அளந்து கொடுத்தவள். எதையும் விடுவோம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. செயலாளருக்குப் போன் எடுக்கவா என்று கேட்டபடி அவள் கை நீட்டினாள். நான் போனைக் கொடுக்காமல் அவள் தம்பிக்கு எடுத்தேன்.

அவர் மழை அங்கியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நான் சொன்னனான் எல்லே அத்தான்?"

"என்ன சொன்னனீர்?"

"பக்கத்து வீட்டிலையும் ஒருக்கா இருந்து பழகுங்கோ எண்டு."

"முதல்ல உள்ளுக்கு வாரும். ஈரத்தோடை நிண்டு புழுகாமல்."

அவர் கணினியைப் போட்டு, கறுப்புத் திரையில் லினக்ஸைத் தெரிவு செய்தார். அது ஒரு சிக்கலும் இல்லாமல் எழும்பியது. ஒரே கணினி, ஒரே வன்தட்டு. ஒரு வீடு இடிந்து கிடக்க மற்ற வீட்டில் விளக்கு எரிகிறது. இரண்டு வருடமாக நான் அதற்குள் கால் வைத்ததில்லை. பின்னணியில் ஏதோ மலை, இடது பக்கம் சில படங்கள். கோப்புகள் இருக்கும் அறையைத் திறந்தார். ஓரத்தில் விண்டோஸ் காணியின் பெயர் தெரிந்தது.

"அங்கை பாருங்கோ, காணி அப்பிடியே கிடக்கு. இடி விழுந்தது வீட்டுக்கு, காணிக்கில்லை."

அதைச் சொடுக்கினார். படலை திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி வந்தது. இந்தத் துண்டு ஒழுங்காக மூடப்படவில்லை, ஆகவே திறக்க மறுக்கிறேன் என்பது அதன் சாரம்.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்தாள்.

"என்னவாம்?"

"அக்கா, அத்தான் பிளக்கைப் பிடுங்கினவரெல்லே. அப்ப விண்டோஸ் பாதி வேலையிலை நிண்டிருக்கு. சாமான்களை அங்கை இங்கை இழுத்துப் போட்டபடி ஆள் விழுந்திட்டான். லினக்ஸ் மரியாதையான ஆள். வீட்டுக்காரன் ஒதுக்கி வைக்காத வீட்டுக்குள்ளை போய்ச் சாமானை மாத்தி வைச்சுக் குழப்ப மாட்டன் எண்டு படலையிலை நிக்கிறான்."

"பிறகு?"

"ஒரு சின்னக் கட்டளை இருக்கு. அடிச்சா, எல்லாம் சரி எண்டு எழுதிப்போட்டு உள்ளுக்கு விடும்."

"எல்லாம் சரியோ?" என்று நான் கேட்டேன்.

"சரியெண்டு எழுதும்."

"சரியோ எண்டு கேக்கிறன்."

"அனேகமாச் சரி."

"அனேகமாவெண்டா எத்தனை வீதம்?"

"உங்களோடை மினைக்கெட ஏலாது அத்தான்! தொண்ணூற்றஞ்சு எண்டு வையுங்கோ."

"மிச்ச அஞ்சு?"

மைத்துனர் தமக்கையைத் திரும்பிப் பார்த்தார், இந்த மனிதனோடு எப்படி இருக்கிறாய் என்பது போல. அவள் கிட்ட வந்தாள்.

"தம்பி, உள்ளுக்குப் போய் ஒண்டையும் தொடாமல், பாத்து எழுதிக்கொண்டு மட்டும் வரேலாதோ?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏலும். வாசிக்க மட்டும் எண்டு திறக்கலாம். ஒண்டையும் மாத்தேலாது, அழிக்கேலாது, புதுசா வைக்கேலாது. வேலியாலை எட்டிப் பாக்கிற மாதிரி. படம் எடுக்கலாம், முருங்கைக்காய் பிடுங்கேலாது."

"படம் காணும் எங்களுக்கு. முருங்கைக்காய் ஆருக்கு வேணும்?"

திரையில் கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு நீட்டு வரியை அடித்தார். அடிப்பதற்கு முன் நான் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசிக்க மட்டும் என்ற சொல் அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். தொட்டுக் காட்டினார். பிறகு அமத்தினார்.

படலை திறந்தது. நான் அறியாத வீட்டு யன்னலுக்குள்ளால் என்னுடைய வீடு தெரிந்தது. என் பெயரில் இருந்த கோப்புறை, அதற்குள் ஆவணங்கள், ஓய்வூதியக் கடிதங்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள், அதற்குக் கீழே நாடகம் ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றும் இருந்தன.

"பதினொண்டோ!" என்று மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வீட்டுக்குப் பதினொரு திறப்பு வெட்டி, பதினொண்டையும் அதே வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கிறியள் அத்தான். இதுக்கோ கவன்மேந்து உங்களுக்குப் பென்சன் தருது?"

சிரித்தபடியே பதினொன்றாவதை லினக்ஸ் காணிக்குள் பிரதி எடுத்தார். எடுத்ததைத் திறந்தார்.

திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். சொல் ஒன்றும் இல்லை. எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள், அடைப்புகள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து, ஒரு குழந்தை விசைப்பலகையில் தவழ்ந்த மாதிரி. பத்தாவதைத் திறந்தார். அதுவும் அப்படியே. முதலாவதைத் திறந்தார். அதுவும்.

இந்த முறை அவர் பகிடி விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, பழுதாப் போச்சுது போலை" என்றார்.

அவள் கதிரையின் முதுகைப் பிடித்தாள். பயந்தால் நான் எண்ணத் தொடங்குவேன். அது என் சுபாவம். முதல் வரியின் முதல் சொல்லை எண்ணினேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஐந்து. எண்ணும்போது என் விரல்கள் மேசை விரிப்பின் மேல் தாமாக அசைந்தன. எம் என்றதும் அசைந்த விரல் 'அ' அடிக்கிற விரல். கே என்றது 'ம'. அரைப்புள்ளி மெய்யெழுத்தின் குற்று. மறுபடியும் 'ம', பிறகு அரவு என்கிற துணைக்கால்.

"அம்மா," என்றேன்.

"என்னப்பா? என்ன செய்யுது?" மனைவி என் தோளைப் பிடித்தாள். எனக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"அம்மா எண்டு கிடக்கு. முதல் சொல்லு. 'அம்மா, பஸ் போட்டுதோ?' உம்மடை முதல் வசனம். பழுதாகேல்லை, ஒண்டும் பழுதாகேல்லை. இது பாமினி!"

பாமினியின் சங்கதி இதுதான். கணினி உள்ளுக்குள் வைத்திருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளை. அதற்கு மேலே தமிழ் முகம் போட்டுக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு விண்டோஸ் வீட்டில் இருந்தது, லினக்ஸ் வீட்டில் இல்லை. ஆகவே முகம் இல்லாமல் எலும்பு மட்டும் தெரிந்தது. எத்தனை வருடம் அடித்தும் அந்த எலும்பை நான் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது.

மைத்துனர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எந்தக் காலத்து ஆள் அத்தான் நீங்கள்! உலகம் யுனிகோட்டுக்கு மாறி எவ்வளவு காலம்! இப்ப அந்த எழுத்துருவுக்கு எங்கை போறது? உங்கடை மழைக்கு இன்ரநெற்றும் இல்லை."

"எங்கை போறதோ? நான் அடிக்கேக்கை அது எங்கை இருந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இந்த ஒரு முறைதான் அவருடைய தொழிலில் நான் அவரை முந்தினேன். அதற்குப் பிறகு அவர்தான் வழி காட்டினார். விண்டோஸ் தன் எழுத்துருக்களை எந்தக் கோப்புறையில் அடுக்கியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நூற்றுக்கணக்கில் இருந்தன. எண்ண வேண்டும் போல் இருந்தது, மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பாமினி அதற்குள் இருந்தது. அதையும் படம் எடுக்கிற மாதிரிப் பிரதி எடுத்து, இந்தப் பக்கத்தில் உரிய இடத்தில் வைத்து, கோப்பை மூடித் திறந்தார்.

முழுத் திரையும் தமிழானது.

மனைவி எங்கள் இருவரையும் விலக்கிக் கதிரையில் இருந்தாள். கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அந்தக் குரல்கள் திரும்பி வந்தன. கிழவி வந்தாள், பெட்டை வந்தாள், தையல்காரி வந்தாள். மைத்துனர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். தரிப்பிடத்தில் நிற்கும் ஒருத்தி தன் புருஷனைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும், "அக்கா, இது அத்தான் எல்லே?" என்றார். "வாயை மூடு" என்றாள் அவள், வாசிப்பை நிறுத்தாமல்.

பிறகு நின்றாள். கீழே போக ஒன்றும் இல்லை.

"கடைசிக் காட்சி எங்கை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொன்று புதன் இரவு சேமித்தது. வியாழனில் அடித்த காட்சிக்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. இடியோடு இடியாக என்ன கேள்விக்கு என்ன பதில் அமத்தினேனோ, அது போய்விட்டது. மைத்துனர் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் மூலைகளில் எல்லாம் தேடினார். இருட்டும் வரை தேடினார். இல்லை.

அவள் மறுபடி கட்டிலுக்குப் போவாள் என்று பயந்தேன். போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காட்சியில் பஸ் வருகிறது. ஏழு பேரும் ஏறுகிறார்கள், இருக்க இடமும் கிடைக்கிறது. பார்க்க வந்த சனம் சந்தோசமாக வீட்டுக்குப் போக வேண்டும், பஸ் வரத்தான் வேண்டும் என்று நான்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"போனது போகட்டும்," என்றாள். "அந்த பஸ் வந்ததை நானே நம்பேல்லை."

"நாளைக்கு வாசிப்பெல்லே?"

"இருக்கிறதை வாசிப்பம். பத்துக் காட்சி இருக்கு. விடியக் காத்தாலை ஒண்டும் இருக்கேல்லை."

மைத்துனர் அச்சடிக்கத் தோதாக ஒரு கோப்பாக மாற்றி பென்ரைவில் போட்டுத் தந்தார். சந்தியில் போட்டோக்கொப்பிக் கடையில் ஏழு பிரதி எடுத்தோம். எட்டாவது ஒன்று எனக்காக எடுத்தேன். கணினியை நான் நம்புவதில்லை என்று அவர் மனம் நோகக்கூடாது என்பதால் அவருக்குக் காட்டவில்லை.

சனி பின்னேரம் மண்டபத்தில் பெண்கள் கூடினார்கள். ஓய்வுபெற்ற மருத்துவமாது கிழவியின் பாகத்துக்கு வந்திருந்தார். தையல்கடை வைத்திருப்பவர் தையல்காரியாகவே நடிக்கிறார். உண்மையில் பால் சேர்க்கும் பெண், நாடகத்திலும் பால் சேர்க்கும் பெண். செயலாளரும் குழுவில் இன்னும் இருவரும் முன் கதிரைகளில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் பின்னால், லினக்ஸில் திறந்த கணினியோடு ஒரு மேசையில். பிளக் பொருத்திய இடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன்.

தொடக்கத்தில் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தாளைப் பார்த்து ஒப்புவித்தார்கள். இரண்டாம் காட்சியில் மருத்துவமாது தாளில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துப் பேச, தையல்காரி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வாசிப்பு கதையாக மாறியது. செயலாளரின் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி இருந்தார். பத்தாம் காட்சி முடிந்தது. மழை வருகிறது, பஸ் இல்லை, தாளும் இல்லை.

"பிறகு?" என்று செயலாளர் கேட்டார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செயலாளரிடம் திரும்பினாள்.

"பிறகு நாங்கள் இன்னும் எழுதேல்லை, தம்பி."

நான் கரோக்கேயை நினைத்தேன். செயலாளர் அதை நினைக்கவில்லை போலும். "எழுதேல்லையெண்டா எப்பிடி அன்ரி? இவை எல்லாரும் வீட்டை போக வேணுமெல்லே?" என்றார், அந்த ஏழு பேரும் உண்மையிலேயே மழையில் நிற்பதைப் போல.

"நடக்க வேண்டியதுதான்," என்றார் மருத்துவமாது.

"நடக்கிறதோ? முழங்கால் உள்ள ஆக்கள் நடவுங்கோ," என்றார் தையல்காரி.

"ஓட்டோ பிடிப்பம்."

"ஏழு பேரும் ஒரு ஓட்டோவிலையோ? ரெண்டு பேரை மடியிலை வைக்க வேணும்."

"உங்களை ஆர் மடியிலை வைக்கிறது அக்கா?"

அப்போது பால் சேர்க்கும் பெண், அதுவரை தன் நான்கு வசனத்தோடு பேசாமல் நின்றவர், "எங்கடை வீட்டை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நிக்குது. பின்னாலை கொழுவுற பெட்டியிலை ஏழு பேர் ஏறலாம்" என்றார்.

"ஆர் ஓட்டுறது? உன்ரை மனிசனோ?"

"அந்தாளுக்கு இருட்டினால் கண் தெரியாது. நான்தான் ஓட்டுறனான்."

எல்லாரும் ஒன்றாகக் கத்தத் தொடங்கினார்கள். யார் முன்னால் இருப்பது, யார் குடை பிடிப்பது, மேடையில் லாண்ட்மாஸ்டரை எப்படி ஏற்றுவது. குழுவில் இருந்த ஒருவர் எழும்பி, மேடைப் படிக்குப் பக்கத்தில் பலகை வைத்தால் ஏறும் என்று கையால் அளந்து காட்டினார்.

"என்னப்பா, பாத்துக்கொண்டு இருக்கிறியள்? அடியுங்கோ!" என்றாள் மனைவி.

அடிக்கத் தொடங்கினேன். ஒரு குரலுக்கே ஓடிப் பழகிய விரல்கள், இப்போது ஏழு குரல்கள். யார் என்ன சொன்னார் என்று பெயர் போட நேரமில்லை. லாண்ட்மாஸ்டர் கொண்டுவருகிறேன் என்று பால் சேர்க்கும் பெண் சொன்ன வசனத்தை அடித்து முடித்ததும் நிறுத்திச் சேமித்தேன். அடுத்த வசனத்துக்குப் பிறகும் சேமித்தேன். மனைவி என் பின்னால் வந்து நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ சொன்னதைத் திரும்பச் சொல்லு பிள்ளை, அந்தாளுக்குக் கண் தெரியாதெண்டதையும் சேத்து" என்றாள்.

"ஐயோ, அவர் விழாவுக்கு வருவார் அன்ரி!"

"வரட்டும். முன் கதிரையிலை இருத்துவம்."